பாஸ் ஆகாத தளம்

அண்ணன் ஃப்ரிட்ஜோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தோளைக் கொடுத்து ஒரு தள்ளு, நிமிர்ந்து ஒரு மூச்சு, மறுபடி ஒரு தள்ளு. அதுவோ வாங்கிய நாளிலிருந்து அதே மூலையில் நின்று வேர்விட்டுப்போன ஃப்ரிட்ஜ். தரையில் கறுப்பாக ஒரு கோடு கிழித்துக் கொஞ்சம் நகர்ந்துவிட்டு, இதற்குமேல் ஆகாது என்று கோணலாக நின்றுவிட்டது.

சின்னவள் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கூடத்தில், அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். முந்தின நாள் காலையில் போயிருந்தார். சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டு, தலையைப் படிய வாரிவிட்டிருந்தார்கள். யாரோ செய்த வேலையில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு அதை இப்போதே சொல்வதா, சாப்பிட்டுவிட்டுச் சொல்வதா என்று யோசிக்கிற முகம் அப்படியே இருந்தது.

"என்ன பண்றே?" என்றாள்.

"பார்த்தா தெரியலையா? வழி பண்றேன். அப்பாவைப் பின்வாசல் வழியாத்தான் கொண்டு போகணும்."

"முன்வாசல் என்ன ஆச்சு?"

"உனக்குத் தெரியாதா?" அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "அது பாஸ் ஆகல."

வேறு யாராவது கேட்டிருந்தால், துக்கத்தில் இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்த வீட்டில் மட்டும்தான் அது நியாயமான பேச்சு.

அப்பா நகராட்சியில் கட்டட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு வாசலில் மரத்தளம் உண்டு. இடுப்பு உயரத்துக்குக் கால்கள் நட்டு, குறுக்கே சட்டம் போட்டு, மேலே பலகை அடித்து, இறங்கப் படியும் பிடிக்கக் கம்பியும் வைத்திருப்பார்கள். புதிதாக யார் தளம் போட்டாலும் அப்பா வந்து பார்த்து 'பாஸ்' என்று சொன்னால்தான் அதில் நாற்காலி போட்டு உட்காரலாம். ரசமட்டம் வைப்பார், டேப் பிடிப்பார், குனிந்து அடியில் டார்ச் அடிப்பார். எல்லாம் முடிந்து, வீட்டுக்காரர் அப்பாடா என்று சிரிக்கப்போகும் நேரத்தில், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தளத்தின் நட்டநடுவில் போய் நின்று, இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதிப்பார். மரம் 'க்றீச்' என்று ஒரு சின்ன முனகல் முனகினாலும் போதும். "கழட்டு" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யலாம் என்றால் பிறர் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன்.

தொழிலில் இருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் தவளை. அது அவருக்கும் தெரியும். "தவளை குதிச்ச இடத்துல மனுஷன் தைரியமா நடக்கலாம்" என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. குறை சொல்லாமல் தட்டைக் கழுவிவிட்டால் நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னவள் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி தருகிறவள். ஊரில் பாதிப்பேர் அவளிடம்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்பா அவள் காரில் ஏறினால் மட்டும் இறங்கும்போது, "ஹாரனை நம்பி ஓட்டறே" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கமாட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் சொந்த வீட்டு வாசல் தளம் எப்படி இருந்திருக்க வேண்டும்? ஊருக்குத்தான் உபதேசம். பலகை உளுத்து, கைப்பிடி ஆடி, மூன்றாம் படி இருந்த இடத்தில் ஒரு செங்கல் இருந்தது. "ரிப்பேர் பண்ணலாமே அப்பா" என்றால், "எவனை நம்பிக் குடுக்கறது? எல்லாப் பயலோட வேலையையும் நான் பார்த்திருக்கேன்" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் யார் வாதாடுவது? கடைசியில் ஒருநாள் சாயங்காலம், செய்தித்தாளை எடுக்க வெளியே வந்தவரின் வலதுகால் பலகையை உடைத்துக்கொண்டு தொடைவரை உள்ளே போய்விட்டது. தவளை தன் வீட்டுத் தளத்திலேயே மாட்டிக்கொண்டது என்று ஊர் சிரித்த சிரிப்பு அடங்கப் பல நாள் ஆனது. காலை ஆராயப் போன ஆஸ்பத்திரியில் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். அது வயிற்றில் இருந்தது. அதை ரிப்பேர் செய்வதற்கில்லை என்றார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டார் எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்தார்கள். குப்பைத் தொட்டி, கழுநீர்க் குழாய், பக்கத்து வீட்டுக் கொடியின் ஈரத்துணி எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு ஒரு சந்து. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்களில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் அந்தச் சந்து வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒருநாள் குப்பைத் தொட்டியைத் தாண்டும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டதைச் சின்னவள் பார்த்தாள். அந்தக் கணத்தில் அவளுக்கு வந்தது வருத்தமில்லை, கோபம். அன்றைக்கே, அவரைக் கேட்காமல், ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்து வாசலைக் கட்டியே தீருவது என்று முடிவுசெய்தாள்.

முடிவெடுப்பது சுலபம். ஆள் கிடைக்க வேண்டுமே! போன் போட்ட இடமெல்லாம் முதலில் நன்றாகத்தான் பேசினார்கள். எந்த வீடு என்று சொன்னதும் குரல் மாறியது. ஒருவருக்கு அந்த நிமிஷமே முதுகுவலி வந்தது. இன்னொருவர் இருமல் வரும்வரை சிரித்தார். "ஆடு பகை, குட்டி உறவாம்மா? போனை வை" என்றார் வேறொருவர். கடைசியாகக் கூப்பிட்டவர் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரு, தவளை வீட்டுக்கா?"

"ஆமா. எங்கப்பா."

"என்னை ஞாபகம் இருக்குமா அவருக்கு? விருந்துக்கு வந்த ஜனமெல்லாம் தட்டோட நிக்கும்போது, ஒரு வீட்டுத் தளத்துல குதிச்சுட்டு என்னைப் பார்த்து 'கழட்டு'ன்னாரு. கழட்டித் திருப்பிப் போட்டேன். திரும்பக் குதிச்சாரு. திரும்பக் 'கழட்டு'ன்னாரு."

"அப்போ நீங்களும் வரமாட்டீங்க."

"யாரு சொன்னா? நாளைக்குக் காலையில வர்றேன். அந்த மனுஷன் வாயால பாஸ்னு சொல்ல வெக்காம இந்தத் தொழிலை விடமாட்டேன்."

வந்தார். குள்ளமான, கழுத்தில்லாத மனிதர். காதில் பென்சில், வாயில் ஓயாத பேச்சு. அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னார். "சார் நல்லா பார்க்கட்டும். மறைவா எதுவும் செய்யறவன் இல்ல நான்" என்றார். அப்பா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் வரை அப்படியே கிடந்தார். பிறகு முதல் திருகாணி இறங்குகிற சத்தம் கேட்டதும், திரும்பாமலேயே, "சட்டத்துல ஏறல, பலகையிலயே நிக்குது" என்றார்.

"எல்லாம் ஏறியிருக்கு சார்!"

"கழட்டிப் பாரு."

கழற்றிப் பார்த்தார்கள். ஏறவில்லை.

அதன் பிறகு விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். கால்கள் ஆழம் போதாது என்றார் அப்பா. வேண்டுமானால் பாதாளம்வரை தோண்டுகிறேன் என்று தோண்டினார் கான்ட்ராக்டர். பலகைக்குப் பலகை இடைவெளி ஒன்றுபோல் இல்லை என்றார். இடையில் ஒரு ஆணியைச் செருகி அளவு பிடித்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தார். கைப்பிடி ஆடுகிறது என்று ஜன்னலுக்குள்ளிருந்தே சொன்னார். அதில் கான்ட்ராக்டர் தொங்கியே காட்டினார். இருவரும் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டார் ஜன்னலை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் சண்டை போட்ட நாளெல்லாம் அப்பா சாப்பிட்டார். மழை பெய்து கான்ட்ராக்டர் வராத நாள்களில், வைத்த தட்டு வைத்தபடி இருக்கும். இதைக் கவனித்த சின்னவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒருநாள் சந்தில் வைத்துக் கான்ட்ராக்டரை மடக்கினாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவுக்குத் தெம்பா இருக்கட்டும்னு வேணும்னே தப்புத் தப்பா செய்யறீங்களா?"

கான்ட்ராக்டரின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. "வேணும்னா? நான் வேணும்னு தப்பு செய்யறவனா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?" என்று கத்திவிட்டுப் போனவர் அந்த வாரம் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் அப்பா கண்டுபிடித்த குற்றமெல்லாம் நிஜமான குற்றம்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பும் வந்தது. வேலை முடிந்து பாஸ் ஆகிற வரையாவது அவர் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அவள் முதல்முறையாக வாய்விட்டு வேண்டிக்கொண்டாள்.

வேலை முடிந்தது. அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்த சமயம் அது. அப்பாவைச் சக்கர நாற்காலியில் வாசற்படிவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். எலும்பும் தோலுமாக உட்கார்ந்து, பலகை பலகையாக, கம்பி கம்பியாகப் பார்த்தார். கைத்தடியால் தட்டினார். கான்ட்ராக்டர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து படியடியில் நின்றார்.

"கண்ணுக்குக் குத்தம் தெரியல" என்றார் அப்பா.

"அப்போ பாஸா சார்?"

"குதிக்கலையே."

உடனே சின்னவள் ஓடிப்போய் நடுவில் நின்று குதித்துக் காட்டினாள். மரம் கம்மென்று இருந்தது. அப்பா தலையை ஆட்டினார்.

"அது நீ குதிச்சது. உன் பாஸ். நான் குதிச்சு, என் கனம் அது மேல விழுந்து, அது சத்தம் போடாம இருந்தாத்தான் என் பாஸ். எழுந்து நடமாடறப்போ வந்து குதிக்கிறேன்."

எழுந்து நடமாடப்போவதில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். "அதுக்குள்ள போயிட்டேன்னா, என்னைப் பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போங்க. பாஸ் ஆகாத தளத்து மேல ஆளைக் கூட்டறது குத்தம்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பச் சொன்னார். கான்ட்ராக்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் பேசாமல் போனதைச் சின்னவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"என் முன்னாடிதான் சொன்னாரு, உனக்கும் கேட்டுச்சு" என்றான் அண்ணன் இப்போது, ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு. "நான் அவர் பேச்சு எதையும் கேட்டதில்ல. படின்னதைப் படிக்கல. இருன்ன ஊர்ல இருக்கல. கடைசியா சொன்ன இந்த ஒண்ணையாவது கேட்டுட்டுப் போறேன், விடு."

"நான் எல்லாத்தையும் கேட்டிருக்கேன்" என்றாள் சின்னவள். "இதைக் கேக்கமாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா கட்டினது நான். ஆளைத் தேடிப் பிடிச்சது நான். குப்பைத் தொட்டியை இடிச்சுக்கிட்டு அவர் போகக்கூடாதுன்னுதான் அதைக் கட்டினேன். இப்ப செத்தும் அந்தச் சந்துல போவாரா? விடமாட்டேன் அண்ணா."

பெட்டியை ஏற்றிப்போக வந்திருந்த வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். துக்க வீடுகளில் பேசிப் பழகிய தணிந்த குரல். "நேரம் ஆகுதுங்க. இந்தப் பக்கம்னா திருப்பம் பத்தாது. பெட்டியை நிமித்தித்தான் கொண்டு போகணும்."

"நிமித்தியா?" என்றாள் சின்னவள். "பீரோ மாதிரியா?"

வண்டிக்காரர் தரையைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான். அதற்குள் சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் ஒரே தங்கை. அழுது வீங்கிய கண், ஆனால் வாய் வீங்கவில்லை.

"செத்த வீட்டுல என்ன கூச்சல்? அவன் சொன்னா சொன்னதுதான், மாத்த முடியுமா? சின்ன வயசுல நான் அட்டையில பொம்மை வீடு கட்டினேன். நல்லா நிக்குதா பார்க்கறேன்னு அது மேல ஏறி மிதிச்சான், படுபாவி. ஏன்டா மிதிச்சேன்னா, 'நின்னா நல்ல வீடு, விழுந்தா கெட்ட வீடு'ங்கறான். அவனை என்ன செய்ய முடியும்?" அத்தைக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

"பார்த்தியா?" என்றான் அண்ணன். "ஒரே கேள்விதான். அப்பா அது மேல குதிச்சாரா?"

சின்னவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். பெட்டியின் பித்தளைப் பிடிகளில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. அந்த ஜன்னலோரமாகத்தான் கட்டில் கிடந்தது.

"இன்னும் குதிக்கல" என்றாள்.

"அவ்வளவுதானே?"

"இன்னும் குதிக்கலன்னேன். அவர் இன்னும் வீட்டுக்குள்ளதானே இருக்காரு."

அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், "உனக்கென்ன பைத்தியமா?" என்றான்.

"அவர் என்ன சொன்னாரு? அவர் கனம் அது மேல விழணும்னாரு. அவர் காலால நடந்து வந்துதான் விழணும்னு சொன்னாரா? விழட்டும். மரம் சத்தம் போட்டா பாஸ் இல்ல. நானே இந்த ஃப்ரிட்ஜைத் தள்ளி, நானே பெட்டியை நிமித்திப் பிடிக்கிறேன். சத்தம் போடலேன்னா முன்வாசல். நியாயம்தானே?"

"ஊர் சிரிக்கும்."

"அவர் கால் மாட்டினப்போ சிரிச்ச ஊர்தானே! இன்னொரு தடவை சிரிச்சுட்டுப் போகட்டும்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அண்ணன் ஃப்ரிட்ஜை ஒருமுறை பார்த்தான், பெட்டியை ஒருமுறை பார்த்தான். "சத்தம் வந்தா பின்வாசல். வார்த்தை மாறக்கூடாது" என்றான்.

சின்னவள் முன்கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

தெருவில் கட்டடத் தொழில்காரர்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். தச்சர்கள், கான்ட்ராக்டர்கள், பலகைக் கடைக்காரர், சிமெண்டுக் கலவை போடுகிறவர். மரியாதைக்கு வந்தவர்கள் பாதி, தவளை போனது நிஜம்தானா என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் பாதி. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஊரில் ஒரு தளம் போட்டவன் எத்தனை ஆணி அடித்தான் என்பதுகூட அடுத்தவனுக்குத் தெரிகிற தொழில் அது. இன்றைக்குப் பெட்டி பின்வாசல் வழியாகப் போனால், கான்ட்ராக்டரைப் பார்த்து இனி வாழ்நாள் முழுக்கச் சிரிப்பார்கள். அவர் கூட்டத்துக்கு வெளியே, வேலியோரம், அதே புதுச்சட்டையோடு நின்றிருந்தார். தான் போட்ட தளத்தை அவர் பார்க்கவே இல்லை.

"பின்பக்கம்னு கேள்விப்பட்டோம்" என்றார் நெட்டையர் ஒருவர். அவரும் கான்ட்ராக்டர்தான். வேலியோரம் நின்றவருக்குத் தொழிலில் நேர் போட்டி. "அந்தப் பக்கம் வந்து நிக்கணுமா?"

"இங்கயே நில்லுங்க" என்றாள் சின்னவள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, அப்பா சொன்னதையும், தான் செய்யப்போவதையும், சத்தம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

கான்ட்ராக்டர் வேலியை விட்டு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "மரம் ஊறியிருக்கும். ஊறின மரம் கொஞ்சம் பேசத்தான் செய்யும். ரெண்டு நாள் காயவிட்டா..."

"ரெண்டு நாள் அப்பாவை வெச்சிருக்க முடியாது. பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா?" அவருடைய கழுத்தில்லாத தலை நிமிர்ந்தது. "மழையில நனையறதுக்குத்தானே வாசல்ல தளம் போடறது. காஞ்சாத்தான் தாங்கும்னா அது என்ன தளம்?" சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "தூக்கறதுல நானும் ஒருத்தன்."

"நீங்க முன்னாடி."

"வேற யாரு?"

"கனமான ஆளா நீங்களே பொறுக்குங்க."

பொறுக்கினார். பலகைக் கடைக்காரர், கலவை போடுகிறவர், யானைபோல் ஒரு தச்சர். ஒல்லியான ஒருவர் தானாக முன்வந்தபோது, "நீ வேணாம், உன்னை வெச்சுக் குதிச்சேன்னா ஏமாத்திட்டேம்பாங்க" என்று ஒதுக்கிவிட்டார். முன்பக்கம் மற்ற பிடி அண்ணனுக்கு. பெட்டியை மூடினார்கள். கைப்பிடியில் பிடித்து இடுப்பளவில் தூக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டினார்கள். அத்தை பின்னாலேயே வந்தாள். கடைசிப் பிடி ஒன்று மிச்சம் இருந்தது. சின்னவள் அதைப் பிடித்தாள். "பொம்பளை எதுக்குத் தூக்கணும்" என்று யாரோ முனகியது காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நெட்டையர் யாரும் கேட்காமலே தளத்தின் பக்கமாகப் போய், ஈரமண்ணில் முட்டி போட்டு, காலுக்கு மேல் சட்டம் உட்காருகிற இடத்தில் காதை வைத்துக்கொண்டார். அந்தக் காதுக்கு ஒரு முனகல் கேட்டால் அவருக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அது நல்ல காது என்று கான்ட்ராக்டரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி வாசலைத் தாண்டியது. பலகைகள் காலடியில் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தன. நட்டநடுவில் வந்ததும் சின்னவள், "நில்லுங்க" என்றாள்.

நின்றார்கள்.

"எல்லாரும் ஒண்ணா. காலைச் சேர்த்து வெச்சுக்கிட்டு. பெட்டி சாயக்கூடாது."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கான்ட்ராக்டரின் பிடரியில் வேர்வை வழிந்து புதுச்சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஒரு வீட்டுக் குழந்தையின் அழுகையைக்கூட யாரோ ஜன்னல் சாத்தி அடக்கினார்கள்.

இவ்வளவு நாளும் அப்பாவிடம் ஒரு 'பாஸ்' வாங்க ஆசைப்பட்டது கான்ட்ராக்டர் மட்டும் இல்லை என்று அவளுக்கு நினைப்பு வந்தது. கொடுக்கிறீர்களா இல்லையா அப்பா என்று மனதுக்குள் கேட்டாள். கெஞ்சவில்லை. கேட்டாள்.

"ம்" என்றாள்.

குதித்தார்கள்.

தொம் என்று எல்லோருடைய காலும் ஒன்றாக இறங்கியது. கைப்பிடிக் கம்பியில் இருந்த மழைத்துளிகள் உதிர்ந்தன. பிறகு, அவர்கள் கால் எல்லாம் இறங்கி முடிந்தபிறகு, ஒரே ஒரு நொடி தாமதமாக, பெட்டிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. உள்ளே இருந்தவரின் கனம் தனியாகக் கீழே இறங்கிய சத்தம். அவளுடைய உள்ளங்கையில் பித்தளைப் பிடி ஒருமுறை அழுத்திவிட்டு நின்றது. அண்ணனும் அதை உணர்ந்திருக்க வேண்டும். அவனுடைய கண் சட்டென்று அவள் பக்கம் வந்தது.

மரம் பேசவில்லை.

எல்லோரும் நெட்டையரைப் பார்த்தார்கள். அவர் காதை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, முட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் கேக்கல" என்றார். அவருக்கு அதில் எவ்வளவு வருத்தம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கான்ட்ராக்டர் கைப்பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, முதல் படியில் காலை வைத்தார். அவர் இறங்க, அண்ணன் இறங்க, பெட்டி ஒருமுறைகூடச் சாயாமல், சமமாக, முன்வாசல் வழியாக இறங்கியது. தெருவில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். தொப்பி வைத்திருந்தவர்கள் எல்லோரும் இப்போது கழற்றியிருந்தார்கள்.

பெட்டியை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். வீட்டைப் பூட்டுவதற்காகச் சின்னவள் திரும்பி வந்தபோது அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்து நான் அந்த ஃப்ரிட்ஜைப் பழைய இடத்துல தள்ளி வெச்சுடறேன்" என்றான்.

"சேர்ந்து தள்ளலாம்."

அவன் தலையாட்டிவிட்டுப் போய் வண்டியில் ஏறினான். அவள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள், விளக்கை அணைத்தாள். வழக்கம்போல் கால்கள் தாமாகவே சமையலறைப் பக்கம் திரும்பின. அதுதான் இத்தனை நாள் பழகிய வழி. கோணலாக நின்ற ஃப்ரிட்ஜ் வரை போய்விட்டுத்தான் அவளுக்கு உறைத்தது.

திரும்பி வந்து முன்கதவை வெளியே இழுத்துப் பூட்டினாள். அத்தை வண்டிக்குள்ளிருந்து, "செருப்பைப் போட்டுக்கிட்டு வாடி, தெருவெல்லாம் கல்லு" என்று சத்தம் போட்டாள்.

செருப்பு பின்வாசலில் கிடந்தது. அதை எடுக்க அவள் போகவில்லை. வெறுங்காலோடு ஈரப்பலகையில் நடந்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.